இயற்கை இடம் வலம் அறியுமா?



சங்குகளுள் வலம்புரி அரியது. கடலில் மூழ்கி எடுக்கப்படும் சங்குகள் ஏறக்குறைய யாவும் இடம்புரியே. எப்பொழுதேனும் ஒருமுறை வலம்புரி ஒன்று அகப்படுகிறது. அகப்பட்டால் அதற்குப் பூசையும் உண்டு, பெருவிலையும் உண்டு. இடம்புரிச் சங்கொன்றை நிலைக்கண்ணாடியின் முன்னே பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள்ளே தெரிவது வலம்புரி. ஆகவே, அங்கே நாம் காணும் சங்கு வெறும் பொய்த்தோற்றமன்று; அதனைப் போன்றதொரு சங்கு கடலின் அடியில் எங்கோ கிடக்கத்தான் செய்கிறது. அது அரிதேயன்றி இல்லாததன்று.

உலகின் அடிப்படை நிகழ்ச்சிகள் யாவும் இத்தகையனவே என்று பௌதிகவியலார் நெடுங்காலம் நம்பிவந்தனர். ஒரு நிகழ்ச்சி இயற்கையில் நிகழுமாயின், அதன் கண்ணாடி விம்பம் எதனைக் காட்டுகிறதோ அதுவும் இயற்கையில் நிகழக்கூடியதே. இயற்கை விதிகள் இடம் வலம் என்ற வேறுபாடு பாராட்டுவதில்லை என்பது அவர்தம் துணிபு. அந்நம்பிக்கை 1957 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தகர்ந்தது. தகர்வின் நடுவே நின்ற துணிக்கைக்கு நியூத்திரினோ என்று பெயர். அதனையே கருவியாகக் கொண்டு இயற்கையின் சமச்சீரை மனிதர் எவ்வாறு சோதித்து வருகின்றனர் என்பதை இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன். யான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். ஆகையாற் கணிதக் குறியீடுகளைக் கொண்டு உங்களை அச்சுறுத்தமாட்டேன்.

சமச்சீர் என்பது கேத்திரகணித வகுப்பில் நாமெல்லோரும் கேட்ட சொல். சதுரமொன்றைக் கால்வட்டம் திருப்பிவைத்தாலும் அது முன்போலவே தோன்றும். ஒன்றை மாற்றிய பின்னும் மாற்றம் தெரியாதிருப்பதே சமச்சீர். இக்கருத்தைப் பௌதிகவியலார் பொருள்களின் வடிவத்திலிருந்து இயற்கையின் விதிகளுக்கு உயர்த்தினர். இன்று செய்த பரிசோதனையை நாளை செய்தாலும் விதி மாறுவதில்லை. இங்கே செய்ததை வேறோரிடத்திற் செய்தாலும் மாறுவதில்லை. இவற்றைச் சொல்லவும் வேண்டுமோ என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால், இத்தகைய தொடர்ச்சியான சமச்சீர் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காப்பு விதி நிற்கிறது என்பதை எமி நோதர் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் 1918 ஆம் ஆண்டில் நிறுவிக் காட்டினார். காலத்தால் விதிகள் மாறாமையின் மறுபக்கமே சத்திக் காப்பு விதி. அதாவது, சத்தி ஆக்கப்படுவதுமில்லை, அழிவதுமில்லை என்று நாம் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு சமச்சீரின் வேறு பெயரேயாகும். இத்தகைய தேற்றத்தைத் தந்த அம்மையாருக்கு, பெண் என்ற காரணத்தால், கோற்றிங்கன் பல்கலைக்கழகத்திலே தம்முடைய சொந்தப் பெயரில் விரிவுரை நிகழ்த்தும் உரிமை அப்போது இருக்கவில்லை!

நியூத்திரினோ பிறந்ததும் இந்தச் சத்திக் கணக்கில் விழுந்த ஒரு துண்டினாலேயே. சில அணுக்களின் கரு இலத்திரன் ஒன்றை உமிழ்ந்து வேறொரு கருவாக மாறுகிறது. முன்னிருந்த சத்தியும் பின்னுள்ள சத்தியும் தெரிந்தவை. ஆதலால் வெளியேறும் இலத்திரன்கள் யாவும் ஒரே அளவு சத்தியோடு புறப்படவேண்டும். அளந்து பார்த்தபோது ஒன்று மிகுதியாகவும் ஒன்று குறைவாகவும் சத்தி கொண்டு வந்தது. கணக்கில் எஞ்சிய பகுதி எங்கே போயிற்று? நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரே, அணுவினுள்ளே சத்திக் காப்பு விதி ஒவ்வொரு நிகழ்விலும் செல்லாது போலும் என்று எண்ணத் தலைப்பட்டனர். வொல்ப்காங் பௌலி அதற்கு உடன்படவில்லை. கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத, மின்னேற்றமற்ற ஒரு சிறு துணிக்கை எஞ்சிய சத்தியைக் கவர்ந்துகொண்டு செல்கிறது என்று 1930 டிசெம்பரில் ஒரு கடிதம் எழுதினார். ரியூபிங்கனிற் கூடிய அறிஞர் கூட்டத்துக்கு அவர் நேரிற் செல்லவில்லை. சூரிச் நகரில் நடனக் கொண்டாட்டம் ஒன்று இருந்தமையால் கடிதத்தையே அனுப்பிவைத்தார். பின்னர் என்றிக்கோ பெர்மி அத்துணிக்கையை வைத்து முழுமையான கொள்கையொன்றை வகுத்தார். அத்துணிக்கை உண்மையில் உள்ளதே என்பதை ரெயின்ஸ், கவன் என்னும் இருவர் அமெரிக்காவின் சவானா ஆற்றங்கரையிலிருந்த அணு உலையின் அருகே கருவி அமைத்து 1956 ஆம் ஆண்டிற் கண்டறிந்தனர். கடிதத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள்!

இத்துணை காலம் அகப்படாமைக்குக் காரணம் அதன் இயல்பே. அது எதனோடும் எளிதில் ஊடாடுவதில்லை. ஞாயிற்றிலிருந்து புறப்படும் நியூத்திரினோக்களுள், இந்நேரம் உங்கள் சுட்டுவிரல் நகத்தின் பரப்பினூடாக ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 6,500 கோடி கடந்து செல்கின்றன. அவற்றுக்கு இரவும் ஒன்றே, பகலும் ஒன்றே. இரவில் அவை பூமியைத் துளைத்துக்கொண்டு பாயின் கீழிருந்து வருகின்றன.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். 1956 ஆம் ஆண்டில் லீ, யாங் என்னும் இரு சீன அறிஞர் அமெரிக்காவில் இருந்தவாறு ஒரு வினாவை எழுப்பினர். இடவலச் சமச்சீர் மின்விசையிலும் அணுக்கருவைப் பிணைக்கும் விசையிலும் சோதிக்கப்பட்டுள்ளது. ஆனால், இலத்திரனும் நியூத்திரினோவும் பிறக்கக் காரணமான மென்விசையில் அதனை எவரேனும் சோதித்ததுண்டோ? ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது ஒருவரும் சோதிக்கவில்லை என்பது தெரிந்தது. எல்லோரும் நம்பினர், ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்தவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துச் சியென் சியூங் வூ என்னும் அம்மையார். சீனத்தில் ஷாங்காய்க்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தவர். பெண்களுக்கெனத் தம் தந்தையார் நிறுவிய பாடசாலையிலே படித்தவர். அவ்வாண்டில் அவரும் கணவரும் தூரகிழக்குக்குப் பயணம் செய்ய ஏற்பாடாகியிருந்தது. வினாவின் பெருமையை உணர்ந்த அம்மையார் கணவரைத் தனியே கப்பலேற்றிவிட்டு, தாம் ஆய்வுகூடத்தில் தங்கிவிட்டார்.

அவர் செய்த பரிசோதனையை ஒரு பம்பரத்தைக் கொண்டு விளக்கலாம். கோபாற்று என்னும் உலோகத்தின் ஒருவகை அணுக்கரு, பம்பரம்போலக் கறங்கிக்கொண்டே இலத்திரனை உமிழும். சாதாரண நிலையில் இப்பம்பரங்கள் திசைக்கொன்றாகக் கிடக்கும். அவற்றை ஒரே திசையில் நிறுத்த வேண்டுமாயின், வெப்பத்தால் உண்டாகும் நடுக்கத்தை ஒழிக்கவேண்டும். ஆகவே, தனிப்பூச்சியம் எனப்படும் குளிரின் எல்லைக்கு மேலே ஒரு பாகையில் நூற்றிலொரு பங்கு அளவுக்கு அப்பொருளைக் குளிரச்செய்து, காந்தப்புலத்தால் கருக்களை ஒருமுகமாக நிறுத்தினார். வாஷிங்டனிலிருந்த தேசிய அளவைப் பணிமனையில் இது நிகழ்ந்தது. மேலிருந்து நோக்குங்கால் கருக்கள் இடஞ்சுழியாகக் கறங்கும்போது இலத்திரன்கள் பெரும்பாலும் கீழ்நோக்கிப் பாய்ந்தன. காந்தப்புலத்தைத் திருப்பி அவற்றை வலஞ்சுழியாகக் கறங்கச் செய்தபோது பெரும்பாலும் மேல்நோக்கிப் பாய்ந்தன.

இதில் என்ன வியப்பு என்று கேட்பீர்கள். பம்பரத்தின் பக்கத்திலே ஒரு கண்ணாடியை நிறுத்துங்கள். இடஞ்சுழிப் பம்பரம் கண்ணாடியில் வலஞ்சுழியாகத் தோன்றும். ஆனால் கீழ்நோக்கிச் செல்லும் இலத்திரன் கண்ணாடியிலும் கீழ்நோக்கியே செல்லும். வலஞ்சுழிக் கருவிலிருந்து இலத்திரன்கள் பெரும்பாலும் கீழ்நோக்கிப் பாயும் காட்சி கண்ணாடிக்குள் இருக்கிறது, உலகில் இல்லை. உலகில் அவை மேல்நோக்கிப் பாய்கின்றன. வலம்புரிச் சங்கு அரிதாகவேனும் கிடைத்தது. இந்தக் கண்ணாடி நிகழ்ச்சியோ கிடைக்கவே இல்லை.

முடிவு வெளிவரும் தறுவாயில், இயற்கை இடக்கைப் பழக்கமுடையதாக இருக்கமுடியாது என்றும், சமச்சீரே வெல்லும் என்று பந்தயம் கட்டவும் தாம் அணியமென்றும் நண்பருக்கு எழுதியவர் யார் தெரியுமா? ஒரு சமச்சீரைக் காக்கும்பொருட்டு நியூத்திரினோவைக் கற்பித்த அதே பௌலிதான். பந்தயத்தை எவரும் ஏற்காதது அவருடைய நல்லூழ். லீக்கும் யாங்குக்கும் 1957 ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசு கிடைத்தது. வூ அம்மையாருக்குக் கிடைக்கவில்லை. பரிசுக் குழுவினரின் காரணம் எதுவாயினும், கையாற் செய்து காட்டியவரை விட்டுவிட்டது முறையென்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, புரூக்கேவன் ஆய்வுகூடத்தில் கோல்டாபரும் அவருடைய துணைவர் இருவரும் நியூத்திரினோவின் கறக்கத்தையே அளந்து 1958 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாம் பயன்படுத்தும் திருகாணி வலஞ்சுழியாகத் திருகினால் முன்னேறும். நியூத்திரினோ அதற்கு மாறாக, இடஞ்சுழியாகக் கறங்கிக்கொண்டே முன்னேறுவது. வலஞ்சுழி நியூத்திரினோவை இதுவரை எவரும் கண்டதில்லை. நியூத்திரினோவுக்கு மிக நுண்ணிய திணிவு உண்டென்று பின்னாளில் அறியப்பட்டமையால் இக்கூற்றுக்கு ஒரு சிறு திருத்தம் வேண்டும். நம் பேச்சுக்கு அது தடையன்று.

கண்ணாடி உடைந்தாலும் அறிஞர் மனந்தளரவில்லை. ஒவ்வொரு துணிக்கைக்கும் எதிர்த்துணிக்கை ஒன்றுண்டு. எதிர்நியூத்திரினோவோ வலஞ்சுழியாகக் கறங்குவது. ஆகவே, கண்ணாடியில் நோக்குவதோடு துணிக்கைகளையெல்லாம் எதிர்த்துணிக்கைகளாகவும் மாற்றிவிட்டால் சமச்சீர் மீண்டும் நிலைபெறும் அன்றோ? இந்த இரட்டைச் சமச்சீர் ஏழாண்டுகள் நிலைத்தது. 1964 ஆம் ஆண்டில் குரோனினும் பிச்சும் கேயோன் என்னும் துணிக்கையை ஆராய்ந்தபோது, ஆயிரத்தில் இரண்டு என்ற அளவில் அதுவும் மீறப்படுவதைக் கண்டனர்.

மீறல் மிகச் சிறியது. அதன் பொருளோ மிகப் பெரியது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் சடப்பொருளும் எதிர்ச்சடப்பொருளும் சம அளவில் தோன்றியிருக்க வேண்டும். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்து ஒளியாகிவிடும். முற்றும் சமமாயிருந்திருப்பின் எல்லாம் அழிந்து வெறும் ஒளியே எஞ்சியிருக்கும். விண்மீனில்லை, கடலில்லை, பேசும் நானும் கேட்கும் நீங்களுமில்லை. நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவில் ஏதோ மிஞ்சியமையாலேயே இவ்வுலகம் இருக்கிறது. இது நிகழவேண்டுமாயின் இரட்டைச் சமச்சீர் குலைந்திருக்கவேண்டும் என்று உருசிய அறிஞர் சகாரோவ் 1967 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஆனால், கேயோன் முதலிய துணிக்கைகளில் இதுவரை கண்ட மீறல் அத்தனையையும் கூட்டினாலும் கணக்குக்குப் போதாது. எஞ்சிய பங்கு நியூத்திரினோவிடம் இருக்குமோ என்பதே இன்றைய பெருவினா.

அதனைச் சோதிக்கும் வழியை நியூத்திரினோவே தந்தது. அதில் மூன்று வகை உண்டு: இலத்திரன் வகை, மியூவன் வகை, தௌ வகை. றேமண்ட் டேவிஸ் என்பார் 1960களில் தென் டக்கோட்டா மாநிலத்திலே கோம்ஸ்டேக் என்னும் பொற்சுரங்கத்தின் ஆழத்தில், துணி வெளுக்கப் பயன்படும் திரவத்தை ஏறத்தாழ நான்கு இலட்சம் லீற்றர் அளவு ஒரு தொட்டியில் நிரப்பி, ஞாயிற்றின் நியூத்திரினோக்களை எண்ணினார். எதிர்பார்த்ததில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது. எண்ணியவரிற் பிழையா, ஞாயிற்றைக் கணித்தவரிற் பிழையா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. இருவரிலும் பிழையில்லை. நியூத்திரினோக்கள் வழியிலேயே வகைமாறி வந்தன. யப்பானின் சூப்பர் கமியோக்காண்டே 1998 ஆம் ஆண்டிலும், கனடாவின் சட்பரி நிலையம் 2001, 2002 ஆம் ஆண்டுகளிலும் இதனை ஐயமற நிறுவின.

வகைமாற்றம் உண்டெனில் கேள்வியைக் கூர்மையாகக் கேட்கலாம்: நியூத்திரினோ வகைமாறும் வீதமும் எதிர்நியூத்திரினோ வகைமாறும் வீதமும் ஒன்றா? ஒன்றெனில் இரட்டைச் சமச்சீர் வாழ்கிறது, வேறெனில் குலைகிறது. யப்பானின் கீழ்க்கரையில் தோக்காய் என்னுமிடத்தில் புரோத்தன்களைக் காரீயக்கரி இலக்கொன்றில் மோதச்செய்து, பிறக்கும் துணிக்கைகளைக் காந்தங்களாற் குவித்து, மியூவன் வகை நியூத்திரினோக் கற்றையை உண்டாக்குகின்றனர். காந்தத்தின் மின்னோட்டத்தைத் திருப்பினால் எதிர்நியூத்திரினோக் கற்றை கிடைக்கும். அது 295 கிலோமீற்றர் நிலத்தினூடே சென்று கமியோக்காச் சுரங்கத்தை அடைகிறது. அங்கே மலையின் கீழ் ஆயிரம் மீற்றர் ஆழத்தில் 50,000 தொன் நீர். அதனைச் சூழ்ந்து பதினோராயிரத்துக்கு மேற்பட்ட ஒளிக்கண்கள். அரிதாக ஒரு நியூத்திரினோ நீரோடு மோதினால் மெல்லிய நீல ஒளி வளையமாக விழும். மியூவனின் வளையம் விளிம்பு கூர்மையானது. இலத்திரனின் வளையம் மங்கிப் பரந்தது. வளையத்தைப் பார்த்தே வந்த வகை எதுவென்று சொல்லிவிடுகின்றனர்.

பல்லாண்டு எண்ணிக்கையின் பயனை 2020 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இலத்திரன் வகையாக மாறிவந்த நியூத்திரினோக்கள் 90, எதிர்நியூத்திரினோக்கள் 15. எதிர்நியூத்திரினோ நீரில் அகப்படுவதே அரிதாகையால் இவ்விரு எண்களையும் நேருக்குநேர் ஒப்பிடலாகாது. சமச்சீர் நியூத்திரினோவின் பக்கம் முழுவதும் சாய்ந்திருப்பின் 82 உம் 17 உம், எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பின் 56 உம் 22 உம் கிடைக்கவேண்டும் என்பது கணிப்பு. கிடைத்த எண்கள் எப்பக்கம் நிற்கின்றன என்பதை நீங்களே காணலாம். ஆயினும், தொண்ணூறும் பதினைந்தும் பிரபஞ்சத்தின் வழக்கைத் தீர்க்கப் போதிய சாட்சிகள் அல்ல. மேலும், அமெரிக்காவில் 810 கிலோமீற்றர் தூரத்துக்குக் கற்றை அனுப்பும் நோவாக் குழுவினரின் அளவீடு இதனோடு முற்றும் இசையவில்லை. கற்றை கடந்துவரும் பூமி எதிர்ச்சடப்பொருளால் ஆனதன்று, சடப்பொருளால் ஆனது. அதனாலும் ஒரு போலி வேறுபாடு தோன்றும். இரு குழுவினரும் தம் எண்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2025 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் பின்னும் முடிவான தீர்ப்பு வரவில்லை.

இன்னொரு சமச்சீரும் உண்டு. அது யாவற்றினும் ஆழமானது. எத்திசையில் நோக்கினும், எவ்வேகத்திற் செல்பவர் அளப்பினும் விதிகள் ஒன்றே. ஒளியின் வேகமே வேகங்களுக்கெல்லாம் எல்லை. ஐன்ஸ்ரைன் 1905 ஆம் ஆண்டில் வகுத்த கொள்கை இது. இதற்கும் நியூத்திரினோ சாட்சி சொல்லியிருக்கிறது. 1987 பெப்ரவரி 23 ஆம் நாள், ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் வெடித்த விண்மீனொன்றின் நியூத்திரினோக்கள் ஏறத்தாழ இருபத்தைந்து, யப்பான், அமெரிக்கா, உருசியா ஆகிய மூவிடங்களில் அகப்பட்டன. வெடித்த ஒளி சில மணி நேரம் பிந்தியே தெரிந்தது. ஒளி மெதுவாக வந்ததென்று கொள்ளவேண்டாம்; விண்மீனின் உடலைப் பிளந்துகொண்டு வெளியேற அதற்கு நேரம் பிடித்தது, நியூத்திரினோவுக்குத் தடையேதுமில்லை. அத்துணை நெடிய பயணத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒருங்கே வந்து சேர்ந்தன.

இதனை மனத்திற்கொண்டு 2011 செப்ரெம்பரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஜெனீவாவிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு 730 கிலோமீற்றர். ஒளிக்கு 2.4 மில்லிசெக்கன் பயணம். நியூத்திரினோக்கள் ஒளியினும் 60 நனோசெக்கன் முந்தி வருகின்றன என்று ஒபேரா என்னும் குழுவினர் அறிவித்தனர். உலகெங்கும் பரபரப்பு! ஆனால், இவ்வேகம் மெய்யெனில் 1987 ஆம் ஆண்டு விண்மீனின் நியூத்திரினோக்கள் ஒளிக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே வந்திருக்கவேண்டும். இரண்டின் சத்தியும் வேறாகையால் அவ்வாதம் மட்டும் போதாது என்பாரும் இருந்தனர். 2012 பெப்ரவரியிற் குற்றம் வெளிப்பட்டது: கடிகாரத்தோடு இணைக்கும் ஒளிநார் வடமொன்று சரிவரப் பொருத்தப்படாதிருந்தது, கடிகாரத்திலும் ஒரு சிறு குறை. அதே மலையினுள் இருந்த இக்காரஸ் என்னும் மற்றொரு கருவி, நியூத்திரினோ ஒளியின் வேகத்தை மீறவில்லை என்று மார்ச்சு மாதத்தில் தனியே அளந்து காட்டியது. ஒபேராவின் பேச்சாளர் பதவி துறந்தார். அவர்களை எள்ளி நகையாடியோர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒழுங்கான விடைத்தாளில் மாணவன் தன் செய்கைவழி முழுவதையும் எழுதிக் காட்டுகிறான். பிழை எந்த வரியில் நுழைந்தது என்று ஆசிரியராற் சுட்டமுடிகிறது. அவர்களும் வழியை எழுதிக் காட்டினர். பிழையைத் தாமே தேடிக் கண்டனர்.

அதன் பின்னரும் சோதனை ஓயவில்லை. தென்முனையில் ஒரு கன கிலோமீற்றர் பனிக்கட்டியினுள் 5,160 ஒளிக்கண்களைப் புதைத்து வைத்திருக்கும் ஐஸ்கியூப் நிலையத்தார், வளிமண்டலத்திற் பிறந்து பூமியைத் துளைத்து வரும் நியூத்திரினோக்களின் வகைமாற்றத்தை ஆராய்ந்து, ஐன்ஸ்ரைனின் சமச்சீரில் எவ்வித விரிசலும் காணவில்லை என 2018 ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

ஒபேராவைத் திருத்திய அந்த இக்காரஸ் கருவிக்கு ஒரு பிற்கதை உண்டு. திரவ ஆகனை நிரப்பித் துணிக்கைகளின் தடத்தைப் படம்போலக் காட்டும் அக்கருவியை இத்தாலியிலிருந்து ஜெனீவாவுக்குக் கொண்டுசென்று செப்பனிட்டு, 2017 ஆம் ஆண்டிற் கடல் கடந்து சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள பெர்மி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினர். அதே முறையில், ஒவ்வொன்றும் 17,000 தொன் திரவ ஆகன் கொள்ளும் மாபெருங் கலங்களை அமைத்து, பெர்மி ஆய்வுகூடத்திலிருந்து 1,300 கிலோமீற்றர் தூரத்துக்குக் கற்றை அனுப்பி இரட்டைச் சமச்சீரின் வழக்கைத் தீர்க்கத் திட்டமிட்டுள்ளனர். யப்பானியரும் பழைய தொட்டியினும் பன்மடங்கு பெரிய தொட்டியொன்றுக்கான பணியை 2020 ஆம் ஆண்டில் தொடங்கினர். அமெரிக்கக் கலங்களுக்கான குகைகளைக் குடைந்து முடித்தது 2024 ஆம் ஆண்டில். குடைந்த இடம் தென் டக்கோட்டாவின் கோம்ஸ்டேக் சுரங்கம். பொன் வெட்டுவது நின்றுபோன அச்சுரங்கத்தில், டேவிஸ் தம் தொட்டியை வைத்திருந்த அதே ஆழம்.